அக்கா வீட்டில் பத்து நாள்

மே 3
லீவு கிடைத்துவிட்டது. அச்சக முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், வைத்துக்கொள்ளட்டும்.

அக்காவைப் பார்த்து நாலு வருஷமாகிறது. ஒரு வருஷமாக போன் போட்டால் எடுப்பதே இல்லை. ‘நல்லா இருக்கேன்’ என்று இரண்டு வார்த்தை தட்டி அனுப்புவாள், அவ்வளவுதான். டீச்சரம்மாவுக்குத் தங்கச்சி இளப்பமாகிவிட்டாளா? போவதில்லை என்றுதான் இருந்தேன். இவர்தான், “அவங்க பேசலைன்னா நாம நேர்ல போய் நிப்போம். துரத்தியா விடப்போறாங்க?” என்றார்.

மே 6
ரயிலில் எட்டு மணி நேரம். முதுகு ஒடிந்துவிட்டது.

அக்கா வாசலிலேயே கட்டிக்கொண்டாள். இளைத்திருக்கிறாள். இரண்டே அறையில் அவர்கள் நாலு பேர், நாங்கள் மூன்று பேர். கால் வைக்க இடமில்லை. பிள்ளைகளுக்கு அதுவே கொண்டாட்டம்.

மே 7
காய் நறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டேன் — “என் மேல என்னக்கா கோபம்?” அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருந்தாள். திரும்பக்கூட இல்லை.

எதுக்கு வந்தேன்? நாளைக்கே கிளம்பிடலாமா?

மே 8
கிளம்பவில்லை. பையில் துணி அடுக்கும்போது மகள் வந்து நின்றாள். “அம்மா, பெரியம்மாவைப் பின்னாடி இருந்து கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கறாங்க. முன்னாடி போனாதான் பேசறாங்க.”

கை அப்படியே நின்றுவிட்டது.

அக்காவுக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். “காது கேக்கலையாக்கா?” என் உதட்டையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

“ஸ்கூல்ல தெரிஞ்சா வேலையை விட்டு நிறுத்திடுவாங்களோன்னு பயம்டி. உங்க அத்தான்கிட்டகூட சொல்லலை. போன்ல நீ பேசறது ஒண்ணுமே புரியாது. ஏடாகூடமா பதில் சொல்லி மாட்டிக்குவேனேன்னு எடுக்கறதில்லை.”

நான் என்னென்னவோ நினைச்சிட்டேனே! நானும் ஒரு தங்கச்சியா?

மே 9
அத்தானிடம் இரண்டு பேரும் சேர்ந்து சொன்னோம். “காதுல விழுதா இல்லையான்னு எத்தனை தடவை எரிஞ்சு விழுந்திருக்கேன்,” என்றார். பிறகு எழுந்து போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மே 12
ஆஸ்பத்திரி. கண்ணாடி அறைக்குள் போகும்வரை அக்கா என் கையை விடவில்லை. காதுக்குப் பின்னால் மாட்டுகிற கருவி ஒன்றைப் போட்டுப் பழகச் சொன்னார்கள். “இதோட தாராளமா பாடம் எடுக்கலாம்,” என்றார் டாக்டர் அம்மா. அக்கா அதை இரண்டு தடவை சொல்ல வைத்தாள். காது கேட்காததால் அல்ல.

மே 13
சாப்பிடும்போது அக்கா என்னை முறைத்தாள். “நீ இவ்வளவு சத்தமாவாடி மெல்லுவே?”

“பத்து வருஷமா நான் படற பாடு அண்ணி,” என்றார் இவர். அத்தானுக்குப் புரையேறிவிட்டது.

மே 15
நாளைக்கு ரயில். சாயங்காலம் மூன்று பிள்ளைகளும் ஒரே தலையணைக்கு அடித்துக்கொண்டன. வீடே இரண்டுபட்டது. அதட்டப் போன அத்தானைச் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள் அக்கா.

“விடுங்க. கத்தட்டும்.”