பீரோவுக்குள் இருந்த காற்று

மாட்டுங்கா
11 ஜூன் 2024

அன்புள்ள ஆனி,

நீ கேட்டபடியே காகிதத்தில், தமிழில் எழுதுகிறேன். போனில் அனுப்பினால் உன் மகன் ரிஜோ முதலில் படித்துவிடுகிறான் என்றாயே! ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலும் நீ ரகசியத்துக்குத் துண்டுக் காகிதம்தான் நீட்டுவாய்.

நல்ல செய்தி. வேலை செய்யும் இடத்துக் காற்றில் ரசாயன ஆவி எதுவரை இருக்கலாம் என்று வரம்பு வைக்கும் எங்கள் குழு நேற்று கூடியது. தோல் பை ஒட்ட நீங்கள் பூசும் சொல்யூஷனின் ஆவிக்கு வரம்பைப் பாதியாக்க வேண்டும் என்று சிலர் பிடிவாதம் பிடித்தார்கள். பாதியாக்கினால் உன்னுடையதைப் போன்ற சின்னப் பட்டறைகள், நீங்கள் சொல்லும் கார்கானாக்கள், தாக்குப்பிடிக்காது. ஆவியை அளக்க உன் ஆட்களின் காலரில் காலையில் நான் குத்திவிட்டுப் போய், சாயங்காலம் கழற்றி வந்த வில்லைகளின் முடிவை எடுத்து வைத்தேன். ஆவி கிட்டத்தட்டப் பூஜ்யம்! தாராவிச் சந்திலேயே இவ்வளவு சுத்தமென்றால் பழைய வரம்பே போதும் என்று முடித்துவிட்டார்கள். அடுத்த மாதம் கையெழுத்தாகும்.

உன் கார்கானாவுக்கு இனி ஆபத்தில்லை. உன் வீட்டுக்காரர் தனசீலன் அண்ணாவிடமும் சொல். எனக்கென்று தனிப் பாத்திரத்தில் கிளறிய கேசரிக்கு இன்னொரு தடவை நன்றி.

உன்
சாருலதா

*

தாராவி
17 ஜூன் 2024

என் பிரியமுள்ள சாருவுக்கு,

வீட்டில் எல்லாரும் சுகமென்று எழுதத்தான் எனக்கும் ஆசை. அதைக் கடைசியில் சொல்கிறேன். மாட்டுங்காவிலிருந்து நடந்தே வந்துவிடலாம், உன் கடிதத்துக்கு மட்டும் அஞ்சு நாள் பிடிக்கிறது! வாசித்து அழுதேவிட்டேன். நீ நல்லா இருக்கணும் என்று எங்களிடம் பசை பூசும் சஃபீனா துவா கேட்டாள்.

உன் வில்லைகளில் ஒரு பொட்டு சொல்யூஷன் பட விடவில்லை, தெரியுமா? நீ படியிறங்கினதும், "இது கவர்மெண்டு சாமானுட்டி, கறை பட்டா சாருவுக்குக் கெட்ட பேருல்லா" என்று சஃபீனாவிடம் சொல்லி, எல்லாவற்றையும் கழற்றி பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கல்யாணப் புடவைக்கு நடுவில் வைத்து பீரோவைப் பூட்டிவிட்டேன். சாயங்காலம் நீ வருமுன் மறுபடி குத்திவிட்டோம். புதுசு மாதிரியே இருந்ததல்லவா?

இவருக்குத்தான் ஒரு தொல்லை. நடக்கும்போது செருப்பு கழன்று விழுகிறது, இவருக்குத் தெரிவதே இல்லை. சுகர் பார்த்தோம், இல்லை. சட்டைப் பொத்தான் போடவும் விரல் வளைய மாட்டேன் என்கிறது. "புது மாப்பிள்ளைன்னு நெனப்போ?" என்று கேலி செய்துகொண்டே போட்டுவிடுகிறேன்.

உன்
ஆனி

*

மாட்டுங்கா
22 ஜூன் 2024

ஆனி,

தபாலை நம்பாமல் இதை ஆள் மூலம் கொடுத்தனுப்புகிறேன். படித்த கையோடு அண்ணாவை நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போ. பசை வேலை என்று மறக்காமல் சொல். இன்றிலிருந்து அவர் கார்கானாவுக்குள் போகக் கூடாது, அதற்கு மேலே மாடி மாலாவில் யாரும் படுக்கவும் கூடாது. அந்த ஆவி முதலில் கால் நரம்பைத்தான் பிடிக்கும், பிறகு கை. விலகிவிட்டால் மெல்ல மெல்லத் திரும்பி வர வாய்ப்பிருக்கிறது.

வில்லை காலரில் இருந்தால்தான் நீங்கள் மூச்சில் இழுக்கும் காற்றை அது பிடிக்கும். நான் அளந்தது உன் பீரோவுக்குள் இருந்த காற்றை. உன்மேல் தப்பில்லை. ஏன் குத்துகிறேன் என்று நான்தான் உங்களுக்கு விளக்கவில்லை. கேசரி சாப்பிட்டேன், சிரித்துப் பேசினேன், கிளம்பிவிட்டேன்.

இதைவிட மோசமானதையும் சொல்லிவிடுகிறேன். உன் கார்கானாவில் சற்று உட்கார்ந்ததற்கே என் துப்பட்டா வீடு வரை நாறியது. பூஜ்யம் வந்தபோது எனக்கு உறுத்தியது. வேறு யாருடைய இடமாக இருந்தாலும் திரும்ப அளந்திருப்பேன். உன்னுடையது என்பதால் சந்தோஷப்பட்டுவிட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனி.

குழுவிடம் சொல்லத்தான் வேண்டும்.

சாரு

*

தாராவி
27 ஜூன் 2024

சாரு,

டாக்டரும் நீ சொன்னதையேதான் சொன்னார். அவர் ஊசியால் காலில் குத்திக் குத்திக் கேட்கிறார், இவர் என் முகத்தைப் பார்த்து முழிக்கிறார். நான் கழற்றாமல் இருந்திருந்தால் அன்றைக்கே எல்லாம் தெரிந்திருக்கும். கறை பட்டுவிடக் கூடாதென்று பொத்திப் பொத்தி வைத்தேனே பாவி.

ஆனாலும் சொல்லாதே, சாரு. உன் காலில் விழுகிறேன். இவரை உள்ளே விடவில்லை. ஜன்னல் உடைத்துப் பெரிய ஃபேன் வைக்கிறேன், சொல்யூஷனையும் மாற்றிவிடுகிறேன். கார்கானா போனால் வைத்தியத்துக்கு நான் எங்கே போவேன்? என்மேல் பிரியம் இருந்தால் சொல்லாதே.

ஆனி

*

மாட்டுங்கா
4 ஜூலை 2024

அன்புள்ள ஆனி,

இன்று சொல்லிவிட்டேன்.

உன் கார்கானா மட்டும் என்றால் ஒருவேளை வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன், அவ்வளவு கோழைதான் நான். ஆனால் அந்தப் பூஜ்யத்தை வைத்து எல்லா ஊர்க் கார்கானாவிலும் "ஒன்றும் ஆகாது" என்று சொல்லப்போகிறார்கள். யார் தவறு என்று தலைவர் கேட்டார். என்னுடையது என்றேன். கையெழுத்தை நிறுத்திவிட்டார்கள். வரம்பு அநேகமாகப் பாதியாகும். நானே சந்து சந்தாகப் போய், பக்கத்திலேயே நின்று, மறுபடி அளக்க வேண்டும்.

14-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். திட்டுவதாக இருந்தாலும் கதவைத் திற.

உன்
சாரு

*

தாராவி
19 ஆகஸ்ட் 2024

சாருவுக்கு,

அன்றைக்கு நீ தட்டியது கேட்டது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

வரம்பு குறையப் போகிறது, எங்களிடம் மறுபடி அளக்க வருவார்கள் என்று காதில் விழுந்ததும், பை தைக்கக் கொடுக்கும் சேட்டு எங்கள் ஆர்டரை இன்னொரு கார்கானாவுக்குக் கொடுத்துவிட்டார். கடையைப் பூட்டிவிட்டோம். நான் மான்குர்த்தில் ஒரு டிபன் கடையில் சமைக்கிறேன். இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். உன்மேல் இவருக்குக் கோபமில்லை. "அந்தப் பிள்ள சரியாத்தானட்டி செஞ்சிருக்கு" என்கிறார். எனக்கும் அது தெரியும். தெரிந்து என்ன?

உன்னை மன்னித்தால் என்னையும் மன்னிக்க வேண்டியிருக்கும், சாரு. இவர் விழுந்து எழும்போதெல்லாம் அதற்கு மனசு வரமாட்டேன் என்கிறது.

சஃபீனா இப்போது பின் சந்தில் வேலை பார்க்கிறாள். அதே சொல்யூஷன், ஜன்னல்கூடக் கிடையாது. முதலாளி யாரையும் உள்ளே விடமாட்டானாம். அவள் கூட்டிப் போகிறேன் என்கிறாள். அவள் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். சீக்கிரம் போய் அளந்துவிடு.

பதில் போடாதே. அங்கே போகும்போது எங்கள் வாசல் வழியாகப் போக வேண்டாம், மெயின் ரோட்டைச் சுற்றிப் போ.

ஆனி