சிவந்த ஓடை

உச்சுபாம்பா, ஜூலை.

அன்பு மகன் வெனான்சியோவுக்கு அம்மா எழுதுவது,

கடவுள் தயவில் நானும் அப்பாவும் தங்கை நில்டாவும் சுகம், அந்தக் குளிர் நாட்டில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். நில்டாவுக்கு இருமல் விட்டுவிட்டது. அப்பாவின் முழங்கால் வலி அப்படியேதான், தைலம் தேய்த்தாலும் திட்டுகிறார், தேய்க்காவிட்டாலும் திட்டுகிறார். அம்மா ஏன் ஒரு மாதிரி பேசுகிறாய் என்று போனில் கேட்டாயே, வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

போன தடவை வந்தபோது நீ சொன்னாய் அல்லவா, எல்லா மலையும் ஒரே மாதிரி உருகாது, நம் மலை உயரம், அதன் பனி இன்னும் பல காலம் நிற்கும், பக்கத்து ஊர் டோக்லாவின் மலை குட்டை, அதில் இருப்பது சீக்கிரம் போய்விடும் என்று. நீ அதற்கு மேலும் ஏதோ சொன்னாய், என் காதில் ஏறியது இவ்வளவுதான். போன வருஷம் சிலுவைத் திருநாளுக்கு டோக்லாவிலிருந்து உன் ஞானத்தாய் மவுரிசியா வந்திருந்தாள். அவர்கள் மலை அப்போதுதான் கடைசி வெள்ளையும் போய் வெறும் பாறையாக நின்றது. கோயில் வாசலில் அத்தனை பேர் நடுவில் நான், "உங்க மலை மொட்டையாயிடுச்சாமே மவுரிசியா, இனிமே குடத்தைத் தூக்கிட்டு எங்க ஊருக்குத்தான் வரணும், படிச்ச என் மகனே சொல்லிட்டான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் கையிலிருந்த வறுத்த சோளத்தைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனாள். உன்னைத் திருமுழுக்குக்கு ஏந்திக்கொண்டு நின்றவள் அவள்.

இந்த மழைக்காலம் முடிந்ததும் நம் ஓடை துருப்பிடித்த தகரம் போலச் சிவந்துவிட்டது. பனி பின்வாங்கிய இடத்தில் புதுப்பாறை வெளியே வந்திருக்கிறது, அதிலுள்ள உலோகம் தண்ணீரில் இறங்குகிறது, குடிக்காதீர்கள் என்று லிமாவிலிருந்து வந்த அதிகாரிகள் சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குள் நம் ஆடுகள் இரண்டு செத்துவிட்டன. தலைக்கு மேல் அவ்வளவு பனி, குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. டோக்லாவின் ஊற்று மெலிந்துவிட்டாலும் தெளிவாக ஓடுகிறது. அவர்களிடம் கேட்பதென்று ஊர்க்கூட்டத்தில் முடிவானதும் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். தலைவர், "ஞானத்தாய் உறவு உனக்குத்தானம்மா, நீயே போய்க் கேளு" என்றார். அப்பா தலை நிமிரவே இல்லை.

மறுநாள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனேன். மவுரிசியா ஊற்றங்கரையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் பத்தடி தள்ளியே நின்றுவிட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, ஆடுகளின் விலாவைப் பார்த்தாள். "அதுக தாகமா நிக்குது, முதல்ல தண்ணியில விடு" என்றாள். அவ்வளவுதான். நாலு பேர் முன்னால் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றைக்கு அவள் உருளைக்கிழங்குக் கொல்லைக்குத் தண்ணீர் பாயும் முறையாம், அதை நமக்கு விட்டுக்கொடுத்திருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது நம் ஊர் முழுக்க அங்கேதான் தண்ணீர் எடுக்கிறது. போகும்போதெல்லாம் அவள் கேட்பது ஒன்றுதான், "என் பிள்ளை எப்படி இருக்கான்?" நன்றாக இருக்கிறான் என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். மன்னித்துக்கொள் என்ற ஒரு சொல் இன்னும் என் வாயில் வரவில்லை.

கன்னிமரியாள் உனக்குத் துணையிருக்கட்டும், நல்ல கம்பளி வாங்கிப் போட்டுக்கொள். மறக்காமல் மவுரிசியாவுக்குப் போன் போட்டுப் பேசு. ஆனால் நான் எழுதியதை அவளிடம் சொல்லிவிடாதே கண்ணா. அதை நான்தான் சொல்ல வேண்டும்.

உன் அம்மா,
செனோபியா