தனிப்பட்டியின் சாவி

என் வீட்டு மகாராணிக்கு,

உன் முட்டிவலி தேவலையா? இங்கே என் தொப்பை சௌக்கியம்.

பண்ணையில் ஒரு சின்ன விஷயம். புதிதாக வாங்கும் ஆடுகளை, நோய் இருக்கிறதா என்று பார்க்க, இருபத்தொரு நாள் தனிப்பட்டியில் பூட்டி வைக்க வேண்டும் என்பது மாட்டு டாக்டர் போட்ட திட்டம். பாவம், தனியாக நின்று கத்துகின்றனவே என்று பதினெட்டாம் நாளே மந்தையோடு சேர்த்துவிட்டேன். நோய் பரவி அறுபது ஆடுகள் செத்தன. இப்போது தனிப்பட்டி காலி. ஆனாலும் உள்ளே கத்துவது கேட்கிறது. காதில் பஞ்சு வைத்தும் கேட்கிறது.

நாளை புது ஆடுகள் வருகின்றன. டாக்டர் சாவியை என்னிடமே கொடுத்துவிட்டார். "பயந்த ஆளுகிட்டதான்யா இது பத்திரமா இருக்கும்," என்கிறார்.

நீ என்னைத் திட்டுவதைப் போனில் பதிவு செய்து அனுப்பு; ஆடுகள் கத்தும்போதெல்லாம் அதைப் போட்டுக் கேட்கிறேன். இருபத்தொரு நாளுக்கு வருகிற மாதிரி நீளமாகத் திட்டு. தீவன வண்டி வந்துவிட்டது.

உன் வீட்டுக்காரன்