இரு கரையும் ஒரு கட்டிலும்

ஜனவரி 9

என் அருமை வாலுக்கு,

அக்கா எழுதுகிறேன். கடிதம் என்றதும் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறாதே. நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் உன் போன் எப்போது பார்த்தாலும் ஸ்பீக்கரில் அல்லவா கிடக்கிறது? போன ஞாயிற்றுக்கிழமை, "முட்டி வலிக்குதுடி" என்றேன். "எனக்கு ரெண்டு முட்டியும் வலிக்குது" என்று உன் மாமியார் குரல். "எடையைக் குறைக்கச் சொல்லு" என்று மாப்பிள்ளை குரல். உன் குரலை மட்டும் காணோம். நான் போன் போட்டது என் தங்கச்சிக்கா, உங்கள் வீட்டு ஹாலுக்கா? அதனால்தான் உன் டிரைவிங் ஸ்கூல் விலாசத்துக்கு அனுப்புகிறேன். படித்துவிட்டு வண்டியிலேயே பூட்டி வை.

விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் இஸ்தான்புல் போகலாம். நீயும் நானும் மட்டும்.

நம் சின்ன வயசுப் பந்தயம் ஞாபகம் இருக்கிறதா? ஒரே ஊர் பாதி ஆசியாவில், பாதி ஐரோப்பாவில் என்று நான் அட்லஸைக் காட்ட, "நேர்ல பார்த்தாத்தான் நம்புவேன்" என்று நீ ஒற்றைக்காலில் நின்றாய். நான் சொன்னது சரியென்றால் நம் கட்டிலில் சுவர்ப்பக்கம் எனக்கு, தப்பென்றால் உனக்கு. அதுவரை தகராறு வேண்டாம் என்று ஆளுக்கொரு நாள் முறை வைத்துப் படுத்தோம். பிறகு உனக்குக் கல்யாணம் ஆகி, கட்டில் முழுக்க எனக்கே வந்துவிட்டது. அது ஒன்றும் ஜெயித்த மாதிரி இல்லை.

உன் கல்யாணத்துக்கு அப்புறம் நாம் இருவர் மட்டும் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட்டதுண்டா? யோசித்துப் பார்த்தேன், ஒன்றுகூட அகப்படவில்லை. எனக்கு மசூதியும் அரண்மனையும் இரண்டாம் பட்சம். நீ வேண்டும், ஒரு வாரத்துக்கு, முழுசாக.

பதில் போடு. ஸ்பீக்கரில் வேண்டாம்.

உன் அக்கா

*

ஜனவரி 21

என் செல்ல அக்காவுக்கு,

உன் கடிதத்தை டிரைவிங் ஸ்கூல் வண்டியில் உட்கார்ந்து படித்தேன். பக்கத்தில் ஒரு அம்மா ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். நான் பாட்டுக்கு அழுததில் அவர் பயந்துபோய், "நான் ஏதாவது இடிச்சிட்டேனா மேடம்?" என்றார்.

வருகிறேன் அக்கா, கட்டாயம் வருகிறேன். அந்தப் பூமிக்கடியில் தூண் தூணாகத் தண்ணீர்த் தொட்டி கட்டியிருக்கிறார்களாமே, அதைப் பார்க்க வேண்டும். ஹாகியா சோபியா மசூதி முன்னால் நின்று உன்னைப் படம் எடுக்க வேண்டும். நீ வழக்கம்போல் கண்ணை மூடிக்கொள்வாய்.

ஒரே ஒரு சின்ன விஷயம். அவரிடம் சொன்னேன். "நானும் பார்த்ததில்லையே" என்றார். முகம் சட்டென்று வாடிவிட்டது. பாவமாக இருந்தது. அவர் தொந்தரவே பண்ண மாட்டார் அக்கா, ஒரு மூலையில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்ப்பார். சரிதானே?

உன்னை நினைத்தபடியே
வாலு

*

பிப்ரவரி 3

வாலுக்கு,

சரியில்லை.

மாப்பிள்ளை மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. தங்கமான மனுஷர். ஆனால் நாம் மூன்று பேர் எங்கே போனாலும் என்ன நடக்கும் என்று உனக்கும் தெரியும். அவர் "கண்ணாடி எங்கே?" என்பார். அது அவர் தலைமேல் இருக்கும். நீ எழுந்து போய் எடுத்துக் கொடுப்பாய். நான் பாதிப் பேச்சில் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பேன்.

இங்கே பட்டறையில் நாள் முழுக்க ஊராரின் வாயைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை. பல்செட் செய்கிறவளிடம் யார் பேசுகிறார்கள்? பிளாஸ்டர் மாவில் எடுத்த பல் அச்சுகள் அலமாரி நிறைய வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன. ஒன்றாவது ஒரு வார்த்தை பேசுமா என்றால் அதுதான் இல்லை. நேற்று ஒரு பெரியவருக்குப் புதுச் செட் மாட்டி, "கடிச்சுப் பாருங்க" என்றிருக்கிறார் டாக்டர். அவர் டாக்டர் விரலையே கடித்துவிட்டாராம். என் வேலை அவ்வளவு உறுதி! இதைச் சொல்லிச் சிரிக்கக்கூட வீட்டில் ஆள் இல்லை. உனக்குப் போன் போட்டால் மறுபடி ஹால்.

அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல். ஊருக்கெல்லாம் பிரேக் போடக் கற்றுக்கொடுக்கிறவள் நீ. வண்டியில் உன் பக்கம் தனியாக ஒரு பிரேக்கே வைத்திருக்கிறார்கள். வீட்டிலும் ஒருமுறை மிதித்துப் பாரேன்.

அக்கா

*

பிப்ரவரி 16

அன்பு அக்கா,

கோபிக்காமல் படி. தண்ணீர் குடித்துவிட்டுப் படி.

அவரிடம் பேசலாம் என்றுதான் போனேன். நடுவில் அத்தை, "நான் ஏரோப்ளேன்ல ஏறாமலே போய்ச் சேர்ந்துடுவேன் போலிருக்கு" என்று பெருமூச்சு விட்டார். அவ்வளவுதான், "நீங்களும் வாங்க அத்தை" என்றுவிட்டேன். அத்தை வந்தால் பிள்ளைகளை யாரிடம் விடுவது? சின்னவன் "பெரியம்மாகூட நான்தான் உட்காருவேன்" என்று இப்போதே சண்டை. நாத்தனாரும் லீவு போட்டுவிட்டார். அவர் ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்திருக்கிறார், 'இஸ்தான்புல் படை' என்று. உன்னையும் சேர்த்தோம். ஏன் உடனே வெளியே போனாய்? அத்தை கேட்கிறார்.

இப்போது நல்ல செய்தி. உன்னை நம்பினால் கட்டில் காலுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்த ரூம்தான் பிடிப்பாய் என்று தெரியும். அதனால் நானே முந்திக்கொண்டு ஒரு வீடு பதிவு பண்ணிவிட்டேன். ஐரோப்பியக் கரையில், ஹாகியா சோபியாவுக்கு நடக்கிற தூரம். மூன்று படுக்கையறை. பெரிய சமையலறை அக்கா, நாலு பர்னர் அடுப்பு! ரத்து செய்தால் பணம் திரும்பாது என்று போட்டிருந்தது. நாம் எங்கே ரத்து செய்யப்போகிறோம் என்று அழுத்திவிட்டேன்.

உனக்கு ஹாலில் நல்ல சோபா இருக்கிறது. பிரித்தால் கட்டிலாகுமாம்.

சமாதானமாகப் பதில் எழுது.

வாலு

*

பிப்ரவரி 25

வாலுக்கு,

சோபாவா?

நீ எந்தக் காலத்திலும் ஒரு முடிவுக்கு வரமாட்டாய், கடைசியில் தெருவில்தான் நிற்போம் என்று போன மாதமே நானும் ஓர் அறை எடுத்துவிட்டேன். நேரில் சொல்லி உன்னை அசத்தலாம் என்றிருந்தேன். அது ஆசியக் கரையில். ஜன்னலைத் திறந்தால் படகுத்துறை. ஒரே அறை, ஒரே கட்டில், நம் பழைய கட்டிலைவிட ஒரு சாண் அகலம் கூட. அதற்கும் பணம் திரும்பாது. உன் வீட்டுக்கும் என் அறைக்கும் நடுவில் என்ன இருக்கிறது தெரியுமா? கடல்! ஒருத்தியை ஒருத்தி நம்பாமல் ஒரே ஊரில் இரண்டு கண்டத்தில் இடம் பிடித்திருக்கிறோம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் உன்னை ஒரு வாரம் கேட்டேன். நீ ஒரு படையைத் திரட்டி, அதன் நடுவில் எனக்கு ஒரு சோபாவும் போட்டுக் கொடுக்கிறாய். இதில் நான் யார்? துணைக்கு வருகிற பெரியம்மா. பெட்டிகளுக்குக் காவல்.

அவர்கள் எல்லோரும் இன்னொரு முறை போகட்டும். இந்த ஒரு முறை என்னோடு வா. முடியுமா, முடியாதா? இரண்டில் ஒன்று சொல்.

அக்கா

*

மார்ச் 4

அக்கா,

உனக்கென்ன, தனி ஆள். கதவைச் சாத்தினால் உன் உலகம் முடிந்தது. எனக்கு அப்படியா? இங்கே ஒருத்தருக்கு "இல்லை" சொன்னால் அஞ்சு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். பாதிக் கடிதம் எழுதுவதற்குள் மூன்று பேர் கூப்பிட்டுவிட்டார்கள்.

நீ கேட்பது எனக்குப் புரியாமல் இல்லை. என்னால் முடியாததைக் கேட்கிறாய். அவ்வளவுதான்.

வாலு

*

மார்ச் 13

தங்கச்சிக்கு,

தனி ஆள்தான். மறுக்கவில்லை. இத்தனை வருஷத்தில் நீ அதை எனக்கு எடுத்துச் சொன்னது இதுதான் முதல் தடவை.

நீங்கள் எல்லோரும் உங்கள் கரையில் சந்தோஷமாக இருங்கள். நான் என் கரையில் இருந்துகொள்கிறேன். ஒருநாள் எங்காவது சந்தித்து ஒரு டீ குடிக்கலாம். பிள்ளைகளுக்கு முத்தம்.

அக்கா

*

ஏப்ரல் 7

தங்கச்சிக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. பரவாயில்லை, நான் எழுதிய கடிதமும் பதில் போடுகிற மாதிரி இல்லை.

உன் மாமியாருக்கு முட்டிக்கு உறை வாங்கி வைத்திருக்கிறேன். அந்த ஊரில் ஏற்றமும் இறக்கமும் அதிகமாம், போடாமல் நடக்கவிடாதே. சின்னவனுக்கு விமானத்தில் காது அடைக்கும், மிட்டாய் வைத்துக்கொள். மாப்பிள்ளைக்குக் கண்ணாடியில் கட்டுகிற கயிறு ஒன்று அனுப்புகிறேன். கழுத்திலேயே கிடக்கும், யாரும் தேடவேண்டாம்.

இதையெல்லாம் நான் ஏன் செய்கிறேன் என்று எனக்கே எரிச்சலாக இருக்கிறது. நேற்று ஒரு மேல்பல் செட்டில் முன்பல்லைத் திருப்பி வைத்துவிட்டேன். இத்தனை வருஷ வேலையில் அப்படி ஆனதே இல்லை. முதலாளி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அக்கா

*

ஏப்ரல் 18

அக்கா,

உன் பார்சல் வந்தது. கயிற்றைப் பார்த்துவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். பாடத்துக்கு வந்த பையன் தானாகவே பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான்.

என்ன நடந்தது என்று எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பயணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். யாருக்கு எந்த அறை, யாருக்கு ஜன்னல். அத்தை திடீரென்று, "அங்கே காலையில டீ யாரு போடுவாங்க?" என்றார். ஒருத்தர் பாக்கியில்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், சின்னவன் உட்பட.

அப்போதுதான் அக்கா, அந்த நாலு பர்னர் அடுப்பு என் கண்முன் வந்தது. அத்தனை வீடுகளில் அதை ஏன் எடுத்தேன் தெரியுமா? சமையலறை பெரிதாக இருந்ததற்காக. யாரும் என்னைக் கேட்கவில்லை. லீவுக்குப் போகிற ஊரிலும் எனக்கு நானே அடுப்பு பார்த்து வைத்திருக்கிறேன்! உன்னைத் தனி ஆள் என்று சொன்ன வாயை என்ன செய்வது?

"நான் போடமாட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "வீடு உங்களுக்குத்தான். நான் எதிர்க்கரையில அக்காவோட இருப்பேன். ஒருநாள் எல்லாரும் படகுல வாங்க, பார்க்கலாம்."

அவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்போ என் சாக்ஸ் எங்கே இருக்கும்?" என்றார். சத்தியமாக அதைத்தான் கேட்டார். "தெரியலைன்னா கடல் தாண்டி வந்து கேளுங்க" என்றேன். நாத்தனார் முகத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார். இன்னும் என்னோடு பேசவில்லை. அத்தை, "நாப்பது வருஷம் நான் போட்ட டீ. மறந்தா போகும்? யாராவது போட்டுத் தருவாங்களான்னுதான் கேட்டேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் "நானே போடறேன்" என்று சொல்லவில்லை அக்கா. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறேன். உன் கட்டிலில் எனக்கு இன்னும் இடம் இருக்கிறதா?

வாலு

*

ஏப்ரல் 26

என் வாலுக்கு,

இருக்கிறது.

பந்தயத்தில் ஜெயித்தது நான்தான், அதில் மாற்றமில்லை. ஒரு கரையில் உன் படை, மறு கரையில் நாம், நடுவில் கடல். நேரில் பார்த்துவிட்டு ஒத்துக்கொள்.

ஆனாலும் சுவர்ப்பக்கம் நீ படுத்துக்கொள். எல்லா நாளும்.

உன் அக்கா