உள்ளே இன்னும் ஓர் ஆள்

என் செல்ல வாண்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சண்டை போட்டு, சமாதானமாகி, சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். உன் அப்பா நன்றாக இருப்பதாக அவரே சொல்லிக்கொள்கிறார். இதை ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன், பதறாதே, முழுதாகப் படி. போனில் சொல்லலாம் என்றால் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். இப்போது ஸ்கேனுக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள், அவர் வருவதற்குள் எழுதிக் கொடுத்தால் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிடுவதாக நர்ஸ் சொல்லியிருக்கிறாள்.

ஆறு மாதமாகவே வீட்டு மாடி ஏறும்போது இரண்டாவது மாடியில் நின்றுவிடுவார். கேட்டால், சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் படிக்கிறேன் என்பார். லிப்ட் பழுது என்று இரண்டே வார்த்தை, அதை ஆறு மாதமாகவா ஒரு மனுஷன் படிப்பார்? கை வேறு நெஞ்சில் இருக்கும். டாக்டரிடம் போகலாம் என்றால், முப்பது வருஷம் ஓடுற பஸ்ல நின்னவனுக்கு டாக்டர் எதுக்கு என்று வீராப்பு. உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று என் வாயையும் கட்டிப்போட்டுவிட்டார், அதற்கு என்னைத் திட்டிக்கொள், வாங்கிக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு அரங்கத்தில் பெரிய இலவச மருத்துவ முகாம். முன்போல முண்டியடிக்க வேண்டாமாம். பெயரைப் பதிந்தால் போனில் கட்டம் கட்டமாக ஒரு படம் வருகிறது, வாசலில் அதைக் காட்டினால் டிங் என்று சத்தம், உள்ளே போகலாம். ஒவ்வொரு பரிசோதனை மேஜையிலும் ஒரு டிங். எல்லா மேஜையும் முடித்தால்தான் வெளிவாசல் டிங் அடிக்கும். உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பெரிய திரையில் எண் ஓடிக்கொண்டே இருக்கும். நான் எங்கள் இருவர் பெயரையும் பதிந்து வைத்தேன். உன் அப்பா லேசுப்பட்ட ஆளா? பரிசோதனைக்கு வர மாட்டேன், தொண்டு செய்ய வருகிறேன் என்று வாசலில் ஸ்கேன் செய்யும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கழுத்தில் அட்டை, கையில் மெஷின். அவ்வளவுதான், உடம்புக்குள் பழைய கண்டக்டர் புகுந்துவிட்டார். முன்னால போங்க, உள்ள நிறைய இடம் இருக்கு என்று நாள் முழுக்க ஒரே சத்தம். நம் கீழ்வீட்டுத் தையல்காரர் போனை மறந்து வந்துவிட்டார், டிக்கெட் இல்லாதவரைப் பாதி வழியில் இறக்கிவிடுகிற மாதிரி உன் அப்பா ஒரே பார்வையில் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். நான் எல்லா மேஜையும் முடித்தேன். எனக்கு ஒரு குறையும் இல்லை, எடையை மட்டும் டாக்டர் இரண்டு தடவை பார்த்தார், அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

சாயங்காலம் அரங்கம் காலி. திரையில் மட்டும் உள்ளே ஒன்று என்று நிற்கிறது. யாராவது எங்கேயாவது மயங்கி விழுந்திருக்கலாம், எண் பூஜ்யமாகாமல் கதவைப் பூட்டக் கூடாது என்று கம்ப்யூட்டர் பார்க்கும் பெண் சொல்லிவிட்டாள். கழிவறை, பந்து வைக்கும் அறை எல்லாம் தேடினோம். தேடும் படைக்கு உன் அப்பாதான் தலைவர். என் சர்வீஸ்ல ஒரு தலை கூட தப்பினதில்ல என்று கேலரிப் படியில் ஏறியவர் பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அங்கே நோட்டீஸ் ஏதும் இல்லை.

அதே நேரம் அந்தப் பெண் காணாமல் போனவர் பெயரை மைக்கில் வாசித்தாள். சாட்சாத் உன் அப்பா பெயர்! வண்டி எடுக்கும் முன் முதல் டிக்கெட்டை அடித்துப் பார்ப்பது கண்டக்டர் பழக்கமாம். மெஷின் ஓடுகிறதா என்று பார்க்கத் தன் போனையே முதலில் காட்டித் தொலைத்திருக்கிறார். நாள் முழுக்க உள்ளே இருந்தும் ஒரு மேஜைக்கும் போகாத ஆசாமி அவர்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மெதுவாக இறங்கி வந்து, அசடு வழிந்துகொண்டு, ஒரு பட்டனைத் தட்டி என் பேரை எடுத்துடும்மா என்றார். அவளும் விரலைக் கொண்டுபோய்விட்டு என் முகத்தைப் பார்த்தாள். எடுக்காதம்மா, டிக்கெட் வாங்கிட்டாருல்ல, கடைசி ஸ்டாப் வரைக்கும் போகட்டும் என்றேன். அவர் முறைத்த முறைப்பில் வேறொருத்தியாக இருந்தால் ஓடியிருப்பாள். நான் அசையவில்லை.

மூட்டை கட்டிய டாக்டர்கள் மறுபடி பெட்டியைத் திறந்தார்கள். ஈசிஜி மேஜையில் இருந்த டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. காகிதத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டு, ஐயா, நீங்க நடக்க வேண்டாம் என்று சக்கர நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னார். வெளிவாசலில் டிங் அடித்து எண் பூஜ்யமானதும் எல்லோரும் கைதட்டினார்கள். அவரும் ராஜா மாதிரி ஒரு கையை ஆட்டினார். இன்னொரு கையால் என் விரலை நசுக்கிக்கொண்டிருந்தார்.

இருதயத்துக்குப் போகிற குழாயில் மூன்று அடைப்பு. நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார் பெரிய டாக்டர். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். பயமில்லை என்கிறார்கள், எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இங்கேயும் நோயாளியைப் பார்க்க இரண்டு பேருக்குத்தான் அனுமதி, பெயர் சொன்னால் அந்தக் கட்டப் படம் தருகிறார்கள். ஒன்று எனக்கு. இன்னொன்று யாருக்கு என்று நர்ஸ் கேட்டாள். மகளுக்கு எதையும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிய மனுஷன், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உன் பெயரைச் சொன்னார். அவங்க ரொம்ப தூரத்துல இருக்காங்களாமே என்றாள் அவள். இருக்கட்டும், பதிஞ்சு வைங்க என்றார்.

நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல் நூறு வயது இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். வந்தவுடன் அவரைத் திட்டாதே, அதை நான் போதுமான அளவு செய்துவிட்டேன். உன் அனுமதிப் படத்தையும் இதோடு சேர்த்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வாசலில் காட்டி உள்ளே வா.

வழிமேல் விழி வைத்திருக்கும்
உன் அம்மா