ஒரே தண்டவாளம், இரண்டு அளவு

அடப்பாவி மச்சான்,

இன்று காலை உன் மனைவி கொண்டுவந்து தந்த பிஸ்கட் டின்னைத் திறந்தவன், அப்படியே என் புத்தகக் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். டின்னுக்குள் உன் தையல் மெஷின் எண்ணெய் வாசனை. எழுதும் கொப்பி வாங்க வந்த டீச்சர் பதறிப்போய் முகத்தில் தண்ணீர் தெளித்தார். நீ போய்ச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது; அடுத்த ஆள் நான்தான் என்று இந்நேரம் ஹட்டன் முழுக்கப் பேச்சாகியிருக்கும்.

ஐம்பது வயதுத் தடியன்கள் இரண்டு பேர் பொம்மை ரயில் சேர்க்கக் கிளம்பியதை ஊர் எப்படிச் சிரித்தது! பெரிய ரகம்தான் வேண்டும் என்றாய். சின்னது உன் கண்ணுக்குத் தெரியாது. கையிருப்போ குறைவு. ஆண்டுக்கு ஒரு பெட்டி, எல்லாம் ஒரே அளவில் என்று முடிவெடுத்தோம். எந்த அளவில்? நான் விலையைப் பார்த்தேன். நீயோ, நுவரெலியாவில் சுற்றுலாக்காரருக்கு விற்கும் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண் பொம்மையை வாங்கிவந்து, உன் கழுத்தில் கிடந்த டேப்பால் அளந்தாய். ஏழு சென்டிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு.

“இந்த அம்மா அஞ்சடின்னு வை. அப்ப பொம்ம இருபத்திரெண்டுல ஒரு பங்கு. ரயிலும் அதே பங்குதான்.”

“ரயில வாங்கிட்டு அதுக்கேத்த ஆளத் தேடுனா என்னடா?”

“சட்டைய தச்சிட்டு ஆள் தேடுறவன் டெய்லராடா?” சொல்லும்போதே டேப் என் இடுப்பைச் சுற்றியது. “ஒனக்கு மட்டும் மாசத்துக்கு ஒரு அளவு.”

நீ எஞ்சின் வாங்கினாய். நான் பாதி விலைக்குக் கிடைத்ததென்று ஒரு பெட்டி வாங்கினேன். தண்டவாளத்தில் ஜம்மென்று உட்கார்ந்தது. அதுதான் என்னை ஏமாற்றியது. ஒரே தண்டவாளத்துக்குப் பல அளவில் பெட்டிகள் வருமாம். என்னுடையது முப்பத்திரெண்டில் ஒரு பங்கு. உன் எஞ்சினுக்குப் பின்னால் அது, மாட்டுக்குப் பின்னால் கட்டிய ஆட்டுக்குட்டி. உன் பொம்மையைப் பெட்டி வாசலில் நிறுத்தினாய். தலை இடித்தது.

“இந்த அம்மா றொசல்ல ஸ்டேஷன் வரைக்கும் தவழ்ந்துதான் போகணும்!”

உன் கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஊர் வம்பைத் தின்றே வளர்ந்த எனக்கு, வம்பு என்னைப் பற்றியது என்றதும் தாங்கவில்லை. “இனி ஒன் கடப் பக்கம் வந்தா என்னன்னு கேளு” என்று பெட்டியைப் போட்டுவிட்டு வந்தேன். எதிரெதிர்க் கடைகள், நீ தும்மினால் எனக்குக் கேட்கும். மூன்று வாரம், நாளைக்குப் போவோம், நாளைக்குப் போவோம் என்றே இருந்தேன். ஒரு காலையில் உன் கடைக் கதவு திறக்கவில்லை.

“அண்ணே, இத ஒங்களுக்குன்னுதான் செஞ்சாரு. ‘அவன் கோவம் ஆறட்டும்’னு சொல்லி வச்சிருந்தாரு” என்றார் உன் மனைவி.

டின்னுக்குள் என் பெட்டி. பெட்டிக்குள் மரத்தில் செதுக்கிய புது ஆட்கள் ஆறு பேர், கூடையோடும் குடையோடும். ஒருவர் தலையும் வாசலில் இடிக்கவில்லை. சட்டைக்கு ஆள் தேடாத நீ, என் தப்பான சட்டைக்கு ஆளே செய்து வைத்திருக்கிறாய்!

ஏழாவது ஆள் மட்டும் மிதிபலகையில் தொங்குகிறான். வாசலுக்குள் நுழைய மாட்டேன் என்கிறான். என் நீலக் கட்டம் போட்ட சட்டையில் மிஞ்சிய துணி, என் முன்வழுக்கை. இடுப்பில், நீ துணிகளில் குத்திவைக்கும் அளவுச் சீட்டு: ‘ஆளு முப்பத்திரெண்டுல ஒரு பங்கு. தொப்ப மட்டும் இருபத்திரெண்டுல ஒரு பங்கு.’

படியில் உட்கார்ந்து சிரித்தேனா அழுதேனா என்று டீச்சரைத்தான் கேட்க வேண்டும்.

அவனைச் சட்டைப் பையில் போட்டிருக்கிறேன். தொப்பை அடங்காமல் பை பிதுங்குகிறது. கொஞ்சம் பெரிதாக்கித் தைக்கலாமென்றால், எதிர்க்கடை பூட்டியிருக்கிறது.