வெள்ளைச் செவ்வந்திக் கஷாயம்

ஹட்டன்
12.11.1957

அன்புள்ள மனைவிக்கு,

நலம். பொகவந்தலாவையில் மகளும் குழந்தையும் நலமென நம்புகிறேன்.

கண் ஆபரேஷனுக்கு நான் மறுத்ததால் நீ கோபித்துக்கொண்டு போன பிறகும் பூக்கஷாயத்தை விடாமல் குடித்து வந்தேன். பஜாரில் பல் கட்டும் சீனர் சொன்ன முறைதான். அவர்கள் வைத்தியத்தில் மஞ்சள் செவ்வந்தி காய்ச்சலுக்கும் தலைவலிக்கும், வெள்ளை கண்ணுக்கு. நிழலில் உலர்த்திய பூவைக் கொதிக்கவிடாமல் வெந்நீரில் ஊறவைக்க வேண்டும். நீ அம்மனுக்கென்று வளர்த்த செடியில்தான் பறித்தேன். இம்முறை கோயிலுக்குப் பூ போகவில்லை.

எரிச்சல் தணிந்தது. மங்கல் அப்படியே இருக்கிறது. நான்தான் பக்குவத்தில் தவறினேனோ என்று நேற்று அவரிடமே போய்க் கேட்டேன். சிரித்துவிட்டார்.

"மாஸ்டர், பூ எரிச்சலுக்கு, செவப்புக்கு. கண்ணுல பொரை விழுந்தா கத்திதாங்க. பூவே எல்லாத்தையும் சரியாக்கும்னா, நான் எதுக்கு இந்தச் சோடாப்புட்டிக் கண்ணாடிய மாட்டிக்கிட்டுத் திரியுறேன்?"

அவர் கண்ணாடி அணிந்திருப்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

ஆபரேஷனுக்குச் சம்மதித்துவிட்டேன். திங்கட்கிழமை கண்டி ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கட்டு அவிழ்க்கும்வரை கூட ஒருவர் இருக்க வேண்டுமாம். பக்கத்து வீட்டு லியனார்ட் தானே வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன்.

இப்படிக்கு,
உன் கணவன்